ஜெயித்தவளின் மேல்முறையீடு

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் ரோஸ்லின் பர்னாந்துவின் வீட்டில் உட்கார இடமில்லை. மேகலை ஏர்வேஸ் விமானிகளில் பாதிப் பேர் நங்கநல்லூரின் அந்தச் சின்ன ஃப்ளாட்டுக்குள் வந்து நிறைந்துவிட்டார்கள். சிலர் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. யாரோ ஜாங்கிரி டப்பா கொண்டுவந்திருந்தார்கள். ரோஸ்லினின் மூன்று வயது மகன் ஜோவான் ஒருவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எல்லோருடைய கால்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தான்.

அவள் கேட்டது சின்ன விஷயம்தான். ஒரு மாதமாக மேகலை நிறுவனம் விமானிகளின் ஓய்வு நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஒரே நாளில் இரண்டு முறை ஓட்டியவரை மூன்றாவது முறையும் ஏறச் சொன்னது. கண் எரிய எரிய ஓட்ட மாட்டேன் என்று ரோஸ்லின் ராஜினாமா கடிதம் கொடுத்தாள். ஏழு வருடம் வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், ஐந்துதான் ஆகிறது, பயிற்சிக்கு ஆன செலவை மூன்று மடங்காகக் கட்டிவிட்டுப் போ என்றது நிறுவனம். அவள் கோர்ட்டுக்குப் போனாள். அந்த மூன்று மடங்கு அநியாயம், அந்த ஒரு நிபந்தனையை மட்டும் ரத்து செய்யுங்கள் என்று கேட்டாள்.

கோர்ட் அதற்கும் மேலே போய்விட்டது. மேகலை தன் விமானிகளோடு போட்ட பயிற்சி ஒப்பந்தமே முழுக்க முழுக்கச் செல்லாது என்று நீதிபதி எழுதிவிட்டார்.

"கேட்டது ஒரு கிளை, கெடச்சது முழு மரம்" என்றார் ஒரு மூத்த கேப்டன், ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே.

அத்தனை பேருக்கு நடுவில் ஒருவர் மட்டும் எதையும் தொடவில்லை. வழக்கறிஞர் அபுதாஹிர். காயல்பட்டினத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அவளுக்காக வாதாடி ஜெயித்தவர். ஜன்னலோரம் நின்று கீழே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், ஜெயிச்ச முகமா இது?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"அவங்க வக்கீலைப் பாத்தியாம்மா? 'வெச்சா முழுசா வைங்க, எடுத்தா முழுசா எடுங்க'ன்னு அவரே நீதிபதிகிட்ட சொன்னாரு. மெரட்டிப் பாக்கறாருன்னு நெனச்சேன். தீர்ப்பு வந்ததும் சிரிச்சாரு."

"தோத்தவங்க சிரிக்கறதில்லையா?"

"இப்படிச் சிரிக்கறதில்ல."

அவர் கவலை இன்னதென்று மறுநாள் காலையே தெரிந்துபோனது. மேகலையின் எல்லா விமானிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பு வந்தது. பதினைந்து நாளைக்குள் ஒவ்வொருவரும் தங்கள் பதியத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், அல்லது புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். புது ஒப்பந்தம் ஆயுளுக்கு.

அந்த ஆண்டுகளில் விமானம் ஓட்ட யாரும் வருடக்கணக்கில் கற்றுக்கொள்வதில்லை. தேர்ந்த கேப்டன் ஒருவரின் தலைக்குள் இருக்கும் பழக்கத்தை எடுத்துப் புதியவர் தலைக்குள் ஊன்றிவிடுவார்கள். குறுக்குக் காற்றில் கை என்ன செய்ய வேண்டும், அபாய மணி அடிக்கும்போது நெஞ்சு எப்படிப் படபடக்காமல் இருக்க வேண்டும், இருட்டில் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எல்லாம் அதில் அடக்கம். மருத்துவர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். விமானிகள் பதியம் என்றார்கள். ஒரு செடியின் கிளையை வளைத்து வேறு மண்ணில் ஊன்றுகிற அதே பதியம்தான்.

ரோஸ்லின் அறிவிப்பை எடுத்துக்கொண்டு தம்புச்செட்டித் தெருவில் இருந்த அபுதாஹிரின் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"இது எப்படி சார் முடியும்? ஒப்பந்தம் செல்லாதுன்னா நாங்க விடுதலைதானே?"

"உக்காரும்மா." அவர் மேசை மேல் சட்டப் புத்தகம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. "ஒப்பந்தம் செல்லாதுன்னு ஆயிட்டா, அதுனால யார் என்ன பயன் அடைஞ்சாங்களோ அதத் திருப்பிக் குடுத்துடணும். ரொம்பப் பழைய பிரிவு. நெல்லுக்கும் நெலத்துக்கும் எழுதினது. நீ அடைஞ்ச பயன் என்ன?"

ரோஸ்லினுக்குப் பதில் தெரிந்தது. கை தானாக நெற்றிக்குப் போனது.

"பழைய ஒப்பந்தத்துல உனக்கு வழி இருந்துச்சு. ஏழு வருஷம் வேல பாத்தா பதியம் உனக்கே சொந்தம். நடுவுல அவங்களே உன்ன வேலய விட்டு எடுத்தாலும் உனக்கே சொந்தம். நீயா போனாத்தான் காசு கட்டணும், இல்ல பதியத்தத் திருப்பித் தரணும். இப்ப அந்த வழியெல்லாம் அடைபட்டிருச்சு. ஏழு வருஷம் முடிச்சவங்களுக்கும் சேத்துத்தான்."

"முடிச்சவங்களுக்குமா?"

"நேத்து ஜாங்கிரி பிட்டாரே, அவருக்கும்."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுத் தன் வீட்டில் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவர்கள் அத்தனை பேர் தலையையும் கோர்ட் வழியாகக் கொண்டுபோய் நிறுவனத்தின் கையில் கொடுத்தது அவள் போட்ட வழக்கு.

"அவங்க தோக்கணும்னுதான் வந்திருக்காங்க. நான் வேற விழுந்து விழுந்து வாதாடிக் குடுத்திருக்கேன்" என்றார் அபுதாஹிர்.

அன்று மதியமே மேகலையின் மனிதவள அதிகாரி சுதர்சனம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார்.

"கோர்ட் உத்தரவை மதிக்கிறோம் கேப்டன். அவ்வளவுதான் நாங்க செய்யறது."

"அஞ்சு வருஷமா அது என் தலைக்குள்ள இருக்கு. ஊன்றினது நீங்க. வளத்தது நான்."

"வாடகைக்கு விட்ட தோட்டத்துல மரம் வளந்தா மரம் யாருக்கு?"

"இங்க தோட்டம் நான் சார். நீங்க குடுத்தது குச்சி."

சுதர்சனம் காபியை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "குமரேசனைப் பாத்தீங்களா? போன வருஷம் திருப்பிக் குடுத்துட்டுப் போனாரே. நல்லாத்தான் இருக்கார். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

குமரேசன் அவளோடு ஒன்றாகப் பதியம் வாங்கிக்கொண்டவர். காசு கட்ட வழியில்லாமல் போன வருடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். அதன் பிறகு எந்த விழாவுக்கும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வேறு வேலையில் மும்முரமாக இருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லினும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பல்லாவரத்தில் அவர் வீட்டுக் கதவைத் திறந்தது மனைவி திலகா. ரோஸ்லினைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு இருந்தோம்."

குமரேசன் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். சோபாவின் இரு பக்கமும் தலையணை அடுக்கியிருந்தது. "ரோஸ்லின்" என்று எழுந்தார். இரண்டடி தள்ளி நின்றவளை நோக்கிக் கையை நீட்டினார். கை அவளைத் தாண்டிப் போய்க் காற்றில் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"தூரம் தெரியல" என்றார், வானிலை சொல்வதுபோல. "எது பக்கத்துல இருக்கு, எது எட்ட இருக்குன்னு. பதியம் வாங்கறதுக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு கணக்கு இருந்துச்சுல்ல, எல்லா மனுஷனுக்கும் இருக்கற மாதிரி. புதுசு நல்லா இருக்கவும் மூளை பழசக் கைவிட்டுடுச்சாம். புதுச எடுத்தாங்க. பழசு இல்ல."

அப்போது வீட்டுக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது. பல்லாவரத்தில் அது சாதாரணம். குமரேசன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். திலகா ஓடிப்போய் அவர் தோளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். சத்தம் அடங்கிய பிறகும் அவர் முதுகு நடுங்கிக்கொண்டே இருந்தது. புயலில் ஒரு எஞ்சின் நின்றபோது ரேடியோவில் குரல் பிசகாமல் பேசிய மனிதர் அவர்.

ரோஸ்லின் நின்ற இடத்திலேயே நின்றாள். ஜோவான் பிறந்தது பதியத்துக்குப் பிறகு. அவனைத் தூக்கிய கை, அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கலங்காமல் இருந்த நெஞ்சு, எல்லாம் இந்தக் கணக்கில் வந்தவை. கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

திலகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "இப்ப ஒரு வழி பொறந்திருக்கு. ஒப்பந்தமே செல்லாதுன்னா, இவர் தலைல கை வெக்கறதுக்குக் குடுத்த சம்மதமும் செல்லாதாம். நஷ்டஈடு கேக்கலாம், வைத்தியம் பாத்துத் தரச் சொல்லலாம்னு எங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொன்னாரு. உங்க தீர்ப்பாலதான்."

ரோஸ்லின் டம்ளரைக் கீழே வைத்தாள். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னாள். அறிவிப்பைப் பற்றி, ஆயுள் ஒப்பந்தத்தைப் பற்றி, தீர்ப்பை மாற்றாவிட்டால் மேகலையின் விமானிகள் எல்லோரும் குமரேசனாக வேண்டும் அல்லது சாகும்வரை அடிமையாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி.

திலகாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போனது.

"அப்ப நீங்க அப்பீல் போவீங்க."

"வேற வழி தெரியல அக்கா."

"ஒப்பந்தம் செல்லும்னு ஆயிட்டா இவர் சம்மதமும் செல்லும். அப்பறம் இவருக்கு ஒண்ணுமில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் போவீங்களா?"

குமரேசன் கண்ணை மூடியிருந்தார். அவர் ஏதாவது சொல்ல வேண்டும், திட்டவாவது வேண்டும் என்று ரோஸ்லின் காத்திருந்தாள். அவள் படியிறங்கும்போது பின்னால் கதவு சாத்தப்பட்டது.

மேல்முறையீட்டு அமர்வில் இரண்டு நீதிபதிகள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அபுதாஹிரைப் பார்த்தார்.

"கீழே ஜெயிச்சது உங்க கட்சிக்காரர்தானே?"

"ஆமாங்கய்யா."

"இப்ப அந்தத் தீர்ப்பு தப்புன்னு சொல்றதும் அவங்கதானா?"

"நாங்க கேட்டது ஒரு நிபந்தனையை மட்டும் எடுக்கச் சொல்லித்தான். கேக்காததையும் சேத்துக் குடுத்ததுல எங்க உயிருக்கு ஆபத்து வந்திருக்கு. மத்தபடி ஒப்பந்தம் செல்லும். எங்களைக் கட்டுப்படுத்தும்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு மேகலையின் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரரே எழுதி, தன் கட்சிக்காரரே கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் எவ்வளவு கொடுமையானது, தொழிலாளியை எப்படியெல்லாம் நசுக்குகிறது என்று ஒரு மணி நேரம் உருகிப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. ரோஸ்லின் முதல் வழக்கில் எழுதிக் கொடுத்த வார்த்தைகளையே அவர் பேசிக்கொண்டிருந்தார்.

மூத்த நீதிபதி அவளையே எழுந்து நிற்கச் சொன்னார். "ஒப்பந்தம் செல்லும்னு நாங்க சொன்னா, பாக்கி ரெண்டு வருஷம் நீங்க அதே கம்பெனிக்கு ஓட்டணும். புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

"அந்த வேலை வேண்டாம்னுதானே இங்க வந்தீங்க?"

"அப்ப எனக்குக் குமரேசனைத் தெரியாது. தெரியும், ஆனா போய்ப் பாக்கல." அவள் பின்வரிசையைக் காட்டினாள். கடைசி பெஞ்சில் திலகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குமரேசன் உட்கார்ந்திருந்தார். "அவர்கிட்ட அவங்க குடுத்ததை மட்டும் எடுக்கல. அவரோடதையும் சேத்து எடுத்தாங்க. எங்கிட்ட இருந்தும் அப்படித்தான் எடுப்பாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் ஓட்டிட்டுப் போறேன்."

உணவு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் செல்லும். மூன்று மடங்கு என்ற நிபந்தனை மட்டும் செல்லாது, உண்மையில் ஆன செலவுக்கு மேல் கேட்கக் கூடாது. பதியத்தைக் கட்டாயமாகத் திரும்பக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. விமானி தானாகக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

'தானாகக் கொடுத்தால்' என்ற சொல்லைக் கேட்டதும் திலகா எழுந்துவிட்டாள். ஏட்டில் குமரேசனும் தானாகக் கொடுத்தவர்தான். கணவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். வாசல் நிலையில் அவர் தோள் இடித்தது. ரோஸ்லின் அவர்களை நோக்கி இரண்டடி வைத்தாள். திலகா திரும்பிப் பார்க்கவே இல்லை.

"உண்மைச் செலவுதானே, கட்டிட்டு வெளிய வந்துடலாம்மா" என்றார் அபுதாஹிர் படிக்கட்டில்.

"அதுவும் எங்கிட்ட இல்ல சார். எங்க வீட்டுக்காரர் கப்பல்ல சம்பாதிக்கறது வீட்டுக் கடனுக்கே சரியாப்போகுது. ஓட்டிடறேன்."

அடுத்த வாரம் அவள் பணிக்குத் திரும்பினாள். முதல் நாளே நிறுவனம் அவளைச் சோதித்தது. காலையில் சென்னையிலிருந்து கொல்கத்தா, மதியம் திரும்ப சென்னை. இறங்கி இருக்கைப் பட்டையை அவிழ்ப்பதற்குள் பணிமுறை அதிகாரியின் குரல் காதில் வந்தது. புவனேஸ்வருக்கு ஒரு நடை, பயணிகள் காத்திருக்கிறார்கள், உடனே கிளம்ப வேண்டும்.

பக்கத்து இருக்கையில் துணை விமானி யாமினி. திண்டுக்கல் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஓட்டல" என்றாள் ரோஸ்லின் ஒலிவாங்கியில். "ஓட்டற நிலைமையில இல்ல."

"இது பணி மறுப்பு, கேப்டன். நடவடிக்கை வரும்."

"வேலய விட்டு எடுங்க. எடுத்தீங்கன்னா பதியம் இன்னிக்கே எனக்குச் சொந்தம். ஒப்பந்தத்துல இருக்கு. செல்லும்னு கோர்ட் சொல்லியிருக்கு."

"இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றார் அதிகாரி.

யாமினி பட்டையில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் அதேதான்" என்றாள் ரோஸ்லின். "பயப்படாத. முடியலன்னா முடியலன்னு சொல்லு. உன்னையும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்கு அது இல்ல மேடம்."

"ஏன்?"

"நான் புதுசுல கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"உங்க அப்பீல் நடந்த அன்னிக்கே, தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி. அன்னிக்கோட தேதி முடியுதுன்னாங்க. குமரேசன் சார் கோர்ட்டுக்கு வந்து எறங்கறத யாரோ வீடியோ எடுத்து அனுப்பினாங்க. படியில அவர் கால் வைக்கத் தெரியாம..." அவள் நிறுத்திக்கொண்டாள். "எங்க அம்மா அழுதாங்க. போட்டுட்டேன். எல்லாருந்தான் போட்டாங்க."

"எல்லாருமா?"

"உங்க வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும். பழைய ஒப்பந்தத்துல இப்ப நீங்க மட்டும்தான்னு நெனக்கறேன். உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

ரோஸ்லினுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பன்று வாழ்த்துச் செய்திகள் ஏன் வரவில்லை என்று அவள் யோசித்ததுண்டு. குமரேசன் விஷயத்தில் தன்மேல் வருத்தமோ என்று நினைத்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே வெயில் கொளுத்தியது. ஓடுதளத்தின் மறுமுனை கானலில் நெளிந்தது. அது எவ்வளவு தூரம் என்று அவளுக்கு அப்போதும் அச்சுப் பிசகாமல் தெரிந்தது. அதற்காகத்தான் அவள் குமரேசனை விட்டுக்கொடுத்தாள், எல்லோருக்கும் சேர்த்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு.

காதில் அதிகாரியின் குரல் திரும்ப வந்தது. இப்போது நிதானமாக இருந்தது. "சரி கேப்டன். நீங்க எறங்கிடுங்க. வேற கேப்டன் வர்றார். துணை விமானி யாமினி அப்படியே இருக்கட்டும்."

யாமினி "சரி சார்" என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் கண் சிவந்து, இமை கனத்துக் கிடந்தது. ரோஸ்லின் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"இந்த விமானத்துக்கு இன்னும் நான்தான் கேப்டன். என் துணை விமானியும் ஓட்டற நிலைமையில இல்லன்னு நான் பதிவு பண்றேன். அவங்க மறுக்கல. நான் தடுக்கறேன். நடவடிக்கை எதுன்னாலும் என்மேல எடுங்க."

"கேப்டன், நீங்க தினமும் இப்படிப் பண்ண முடியாது."

"ரெண்டு வருஷம் பண்ணலாம்."

அதிகாரி இணைப்பைத் துண்டித்தார். யாமினி பட்டையை அவிழ்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இருக்கையில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். விமானத்துக்கு வெளியே மாற்று விமானிகளுக்காகப் படிக்கட்டு வண்டி வந்து நின்றது. ரோஸ்லின் அவளை எழுப்பாமல் தன் கைபேசியை எடுத்து நாளைய பணிப்பட்டியலைத் திறந்தாள். தன் பக்கத்து இருக்கையில் நாளைக்கு யார் என்று பார்த்தாள்.